பாக்குநீரிணைக் கடற்றொழிலில் சட்டமும் நியாயமும்: ஒரு வரலாற்று நோக்கு

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு பெரும்பாலும் நிலத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காணி, தோட்டம், கிணறு, பனை, கோயில் ஆகியவற்றைச் சுற்றியே எமது சமூக ஆய்வுகள் அமைந்தன. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமையும் முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு என்பன பற்றியே விரிவாகப் பேசுகின்றது. திருநெல்வேலியின் செம்பாட்டு மண்ணில், தோட்டங்களுக்கும் சந்தைக்கும் அண்மையில் அமைந்துள்ள எமது பல்கலைக்கழகத்திலிருந்து தெற்கே சில மைல் சென்றால் கடனீரேரியும், வடக்கே பத்து மைலளவிற் சென்றால் பெருங்கடலும் வந்துவிடும். எனினும் அக்கரைகளில் வாழும் மக்களின் தொழிலும் வழமையும் அவர்கள் சட்டத்தோடு கொண்ட உறவும் எமது ஆய்வுகளில் உரிய இடத்தைப் பெற்றனவல்ல. நிலவுடைமையை மேன்மையின் அளவுகோலாகக் கொண்ட சாதியமைப்பில் கடலை நம்பி வாழ்ந்த கரையார், முக்குவர், திமிலர் முதலிய சமூகத்தினரின் அறிவு அறிவாகக் கணிக்கப்படாமையே இதற்கு முதற்காரணம் எனலாம்.

இப்புறக்கணிப்பின் விளைவு இன்று தெளிவாகத் தெரிகின்றது. பாக்குநீரிணைப் பிணக்கு இருபது முப்பது ஆண்டுகளாக இரு நாட்டுப் பத்திரிகைகளில் நாளாந்தச் செய்தியாக இருந்துவந்தபோதிலும், அது எப்பொழுதும் ‘எல்லைப் பிரச்சினை’ என்றோ ‘கச்சதீவுப் பிரச்சினை’ என்றோதான் அடையாளங் காட்டப்படுகின்றது. கடல் எந்த நாட்டுக்கு உரியது என்ற வினாவே முன்னிற்கின்றது. அக்கடலில் எவ்வகைத் தொழிலுக்கு இடமுண்டு, யாருடைய உழைப்புக்குப் பாதுகாப்புண்டு என்ற வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. சட்டம் இக்கடலைக் கோட்டினாற் பிரித்தது. தொழிற்கருவியின் அடிப்படையில் வகுத்துக் காக்கத் தவறியது. இருகரையிலும் உள்ள சிறு தொழிலாளர் சட்டத்தின் பயனை அடையாமைக்கு இத்தவறே அடிப்படை என்பதை வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கடலுக்கு உடைமை உண்டா என்ற வினா ஐரோப்பியச் சட்டவறிஞர்களிடையே எழுந்தபோது எமது கடலும் அவ்விவாதத்துள் இடம்பெற்றது. 1609இல் ஒல்லாந்த அறிஞர் கியூகோ குரோசியசு ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலை வெளியிட்டார். கடல் எவருக்கும் சொந்தமாகாது, அதில் எல்லோருக்கும் செல்ல உரிமையுண்டு என்பது அவர் வாதம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் நலனைக் காக்கவும், கீழைக்கடலில் போர்த்துக்கேயர் கொண்டாடிய தனியுரிமையை மறுக்கவும் எழுந்த வாதம் அது. 1658இல் அதே கொம்பனி போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. அதன்பின் மன்னார்க் கடலின் முத்தும் இப்பகுதியின் சங்கும் கொம்பனியின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட வருவாயாயின. கப்பலோட்டுவதற்குக் கடல் பொதுவாகவும் வருவாய்க்கு அது தனியுடைமையாகவும் கொள்ளப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1758இல் வெளிவந்த தமது நூலில் வற்றெல் என்னும் சட்டவறிஞர், பாரெயின், இலங்கை ஆகியவற்றின் முத்துக்குளிப்பு நிலங்கள் உடைமையாகத் தக்கவை என்பதை ஐயமற்ற உதாரணமாக எடுத்துக்காட்டினார்.

பிரித்தானியர் இம்மரபையே தொடர்ந்தனர். சங்குத் தொழிலை ஒழுங்குபடுத்த 1890இல் இலங்கையில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இந்தியக் கரையில், இராமநாதபுரம் அரசருக்குரிய சங்குநிலத்திலிருந்து சங்கெடுத்தமை திருட்டாகுமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அன்னக்குமாருப்பிள்ளை எதிர் முத்துப்பயல் என அறியப்படும் இவ்வழக்கின் தீர்ப்பு 1904ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. பாக்குவிரிகுடா பெரும்பகுதி பிரித்தானிய ஆட்சிப்புலத்தாற் சூழப்பட்டதாகையால் அதனைத் திறந்த கடலாகக் கொள்ளவியலாது என நீதிமன்று கருதியது. கரையிலிருந்து பல மைல் தொலைவிற் கிடக்கும் சங்கும் குத்தகைக்காரரின் உடைமையாயிற்று. மூழ்கி அதை எடுத்தவர் திருடராயினர். ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்று பிற்காலத்தில் சட்டம் அழைத்த கருத்தின் முக்கிய ஆதாரங்களுள் ஒன்று இவ்வழக்காகும். அந்த ஆதாரம் சாதாரண மீன்பிடிப்பவரின் உரிமையிலிருந்து பிறந்ததன்று. அரசினதும் குத்தகைக்காரரினதும் வருவாயிலிருந்து பிறந்தது.

உடைமை காப்பாற்றப்பட்டது போல் வளம் காப்பாற்றப்பட்டதா? 1906இல் இலங்கையின் முத்துக்குளிப்பு நிலங்களைக் குடியேற்ற அரசு இலண்டன் கொம்பனி ஒன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளுள் சிப்பிகள் அற்றுப்போக, குத்தகைக் காலம் முடிவதற்கு முன்னரே கொம்பனி கலைந்தது. பெருமூலதனத்துக்குச் சட்டம் வழங்கும் தனியுரிமை வளத்தைப் பேணும் என்பதற்கு உறுதியில்லை என இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1921 ஒக்ரோபரில் சென்னை அரசினதும் இலங்கை அரசினதும் பிரதிநிதிகள் கொழும்பிற் கூடி மீன்பிடி எல்லையொன்றை வகுக்க முயன்றனர். முத்து, சங்கு முதலிய வளங்கள் இருபக்கத்தாராலும் அளவுக்கு மீறி எடுக்கப்படுவதைத் தடுப்பதே கூறப்பட்ட நோக்கம். கச்சதீவின் உரித்துப் பற்றிய கருத்துவேறுபாடு அப்போதே எழுந்தது. தீவுக்கு மேற்கே கோடு செல்வதென உடன்பாடு காணப்பட்டபோதிலும் அது இலண்டனின் ஒப்புதலைப் பெறவில்லை. நிருவாகிகள் கோட்டைப் பற்றி வாதிட்ட அக்காலத்திலும் இருகரைத் தொழிலாளரும் பருவக்காற்றுக்கும் மீன் நடமாட்டத்துக்கும் ஏற்பக் கடலைப் பகிர்ந்தே வந்தனர். கச்சதீவில் வலை உலர்த்தியோரும் அந்தோனியார் திருவிழாவிற் கூடியோரும் இருகரையையும் சேர்ந்தவர்களே.

3

அரசின் சட்டத்துக்கு வெளியே கடற்கரைகளில் வேறொரு சட்டமரபு நிலவிவந்ததை நாம் மறத்தலாகாது. கரைவலைத் தொழிலில் ‘பாடு’ என வழங்கும் முறை இதற்குச் சிறந்த சான்று. வலை வளைத்து இழுப்பதற்குரிய கரைப்பகுதி வரையறுக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வலைகள் உள்ள இடத்தில் அவை முறைவைத்து இறக்கப்படும். முறை தவறியவரை ஊர் கண்டித்தது. களங்கட்டி வலை, கூட்டுவலை ஆகியவற்றுக்கும் கடனீரேரியில் இடவொழுங்கு இருந்தது. இவ்வழமைகளில் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. சம்மாட்டி என்னும் உடைமையாளருக்கும் வலையிழுக்கும் தொழிலாளருக்கும் இடையே பங்கீடு என்றும் சமமாக இருந்ததில்லை. எனினும் விதியை ஆக்கியவரும் அதற்குக் கட்டுப்பட்டவரும் ஒரே கரையில் வாழ்ந்தமையால், விதியின் காரணம் எல்லோருக்கும் விளங்கியது. மீறல் எல்லோர் கண்ணிலும் பட்டது.

இத்தகைய வழமை அரசியற் செல்வாக்கினால் எவ்வாறு சிதையும் என்பதைத் தென்னிலங்கையின் மாவெல்லைக் கிராமம் காட்டுகின்றது. அங்குள்ள கரைவலைத் தொழிலை ஆராய்ந்து போல் அலெக்சாந்தர் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. பொதுவளங்களைப் பற்றி எலினோர் ஒசுற்றம் 1990இல் வெளியிட்ட நூலும் அக்கிராமத்தை எடுத்தாள்கின்றது. வலைகளின் தொகையைக் கட்டுப்படுத்தும் விதி இருந்தது. வலைக்குரியோர் அரசியல்வாதிகளை அணுகி மேலும் வலைகளுக்கு இடம்பெற்றனர். வலைகள் பெருகின, ஒவ்வொரு வலையின் பயனும் சுருங்கியது. விதி ஏட்டில் இருந்தமை மட்டும் போதவில்லை. விதியைத் தமக்கேற்ப வளைக்க வல்லவர் இருக்கும்வரை மற்றையோர் அதற்குப் பணிவதற்கு நியாயங் காணமாட்டார் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கடற்றொழிற் கட்டளைச்சட்டமும் அதன்பின் வந்த 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமும் உத்தரவுப்பத்திரம், தடைசெய்த கருவிகள், தண்டனை ஆகியவற்றை வகுத்தன. அவை கரைகளின் வழமைக்கு எவ்வளவு இடம் அளித்தன என்பதைப் பொறுத்தே பணிவும் அமைந்தது.

4

1974 யூன் 26இல் கொழும்பிலும் 28இல் புதுதில்லியிலும் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கை பாக்குநீரிணையிலிருந்து ஆதாமின் அணைவரை கடலெல்லையை வரைந்தது. கச்சதீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை இந்தியத் தொழிலாளரும் யாத்திரிகரும் முன்போலக் கச்சதீவுக்குச் செல்லலாம் எனக் கூறியது. 6ஆம் உறுப்புரை இரு நாட்டுக் கலங்களும் மற்றைய நாட்டு நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது. அவ்வுரிமைகள் எவை, மீன்பிடித்தல் அவற்றுள் அடங்குமா, எவ்வகைக் கலங்களுக்கு அவை உரியன என்பன விளக்கப்படவில்லை.

1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் உரிய எல்லை உடன்பாடாயிற்று. அதனோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளரும் பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டவர் மற்றைய நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ ஆள்புலக் கடலிலோ பொருளாதார வலயத்திலோ வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது எனத் திட்டவட்டமாகக் கூறின. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ச் மேட்டில் இலங்கைக் கலங்கள் தொழில் செய்வதும் குறுகிய இடைக்கால ஏற்பாட்டுடன் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டின் 22ஆம் இலக்கக் கடல்வலயச் சட்டமும் 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க வெளிநாட்டு மீன்பிடிக் கலங்கள் ஒழுங்குபடுத்தற் சட்டமும் இலங்கையின் சட்ட நிலையை உறுதிசெய்தன.

1974இன் 6ஆம் உறுப்புரையை 1976இன் கடிதங்கள் நீக்கினவா என்பது பற்றிச் சட்டவறிஞர் இருவகையாக வாதிடுவர். ஒருசாரார் கடிதங்களின் சொற்கள் எல்லா நீர்ப்பரப்பையும் தழுவுவன என்பர். மறுசாரார் கடிதங்கள் வேறொரு கடலின் எல்லையோடு இணைந்தவை என்பர். இவ்வாதத்தை விட முக்கியமான ஒரு வரலாற்றுண்மை உண்டு. இரு ஆவணங்களும் ஆக்கப்பட்டபோது கரையோர மக்களின் சங்கங்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. எமது கரையிலும் அவர்கள் கரையிலும் ஒரே நிலைதான். கோட்டின் இருபுறமும் வாழ்பவர் இல்லாமலே கோடு வரையப்பட்டது.

5

எல்லை வரையப்பட்ட அதே காலத்தில் தொழிலின் இயல்பும் மாறிக்கொண்டிருந்தது. 1953இல் கேரளக் கரையில் தொடங்கிய இந்திய-நோர்வேத் திட்டம் இயந்திரப் படகுகளை அறிமுகஞ் செய்தது. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை கிடைத்ததும் இழுவைப்படகுகள் பெருகின. தமிழ்நாட்டுக் கரையில் அரச உதவியும் தனியார் மூலதனமும் அவற்றை வளர்த்தன. நோர்வே உதவி எமது கரைக்கும் வந்தது. காரைநகரிற் படகுகட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் கொண்ட சீ-நோர் நிறுவனம் வடபகுதிக் கடற்றொழிலின் நவீனமயத்துக்கு உதவியது. எமது கரையில் கண்ணாடியிழைப் படகும் வழிவலையுமே பெருவழக்காயின. அக்கரையில் இழுவைமடி மேலோங்கியது. பாக்குவிரிகுடா ஆழங் குறைந்த கடல். அதன் அடித்தளத்தை வாரிச்செல்லும் இழுவைமடி மீனோடு குஞ்சையும் முட்டையையும் கடற்றாவரங்களையும் அள்ளிச் செல்கின்றது. வழியில் விரிக்கப்பட்டுள்ள நைலோன் வலைகளை அறுத்துச் செல்கின்றது.

இழுவைப்படகுக்கும் சிறு படகுக்கும் இடையிலான முரண்பாடு முதன்முதலில் தமிழ்நாட்டுக் கரையிலேயே வெடித்தது. 1970களில் அங்கு மோதல்கள் நிகழ்ந்தன. அதன் விளைவாகப் பாக்குவிரிகுடாப் பகுதியில் வாரத்தில் மூன்று நாட்கள் இழுவைப்படகுகளுக்கும் நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் என்னும் ஒழுங்கு ஏற்பட்டது. 1983இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் இழுவைமடிக்கு இடமில்லை என்றது. இராமேசுவரத்திலிருந்து பன்னாட்டு எல்லை ஏறத்தாழப் பத்துக் கடல்மைல் தூரத்திலேயே செல்கின்றது. எனவே சட்டப்படி இழுவைமடிக்கு எஞ்சியது ஒடுங்கிய ஒரு பட்டியே. நூற்றுக்கணக்கான படகுகளுக்கு அது போதாது. அவை கிழக்கு நோக்கி வந்தன.

இவ்வாறு, ஒரு கரையின் சிறு தொழிலாளருக்கு நியாயம் வழங்கிய விதிகள் மறுகரையின் சிறு தொழிலாளரின் தலையில் சுமையை இறக்கின. இராமேசுவரத்திலிருந்து இழுவைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களிற் புறப்படுவதை நெடுந்தீவு முதல் மன்னார் வரை கடற்றொழிலாளர் நன்கறிவர். அந்நாட்களில் வலை விரித்தால் வலை மிஞ்சாது என்பதால் பலர் கடலுக்குப் போவதில்லை. தமிழ்நாட்டு அரசாணையின் கால அட்டவணை வடஇலங்கைக் குடும்பங்களின் பட்டினி நாட்களையும் நிர்ணயித்தது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக இந்தியக் கிழக்குக் கரையில் ஏப்பிரல் நடுப்பகுதி முதல் யூன் நடுப்பகுதி வரை விதிக்கப்படும் தடைக்காலத்துக்கும் இது பொருந்தும். தடைக்காலத்தில் எமது கடலில் அமைதி நிலவும். அது முடிந்ததும் படகுகள் திரண்டு வரும்.

போர் இந்நிலையை மேலும் சிக்கலாக்கியது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வடகடலில் பாதுகாப்புத் தடைகள் விதிக்கப்பட்டன. இயந்திர வலு, எரிபொருள், தொழில் நேரம், கடலிற் செல்லும் தூரம் யாவும் கட்டுப்பாட்டுக்குள்ளாயின. பேர்பெற்ற மயிலிட்டித் துறைமுகம் 1990 யூனில் மக்கள் இடம்பெயர வெறுமையாகி, 2017 யூலையிலேயே திரும்ப ஒப்படைக்கப்பட்டது. எமது மக்கள் இறங்க முடியாதிருந்த கடலில் அக்கரை இழுவைப்படகுகள் தொழில் செய்து பழகின. கடன் வாங்கிப் படகு கட்டியோரின் கணக்கும் அப்பழக்கத்தை நம்பியே அமைந்தது. அதே காலத்தில் கடற்படையின் சூட்டினால் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் மாண்டனர் என்பதும் அவ்வுயிரிழப்புகளுக்கு உரிய நீதி கிடைக்கவில்லை என்பதும் இவ்விடத்தில் அழுத்திக் கூறப்படவேண்டியவை. கைதுக்கும் வழக்குக்கும் உரிய குற்றத்துக்குத் துப்பாக்கிச்சூடு விடையாகாது. 2009இல் போர் முடிந்து வடபகுதித் தொழிலாளர் மீண்டும் கடலில் இறங்கியபோது, தமது கடல் பிறர் கடலாக மாறியிருந்ததைக் கண்டனர்.

6

நீதிமன்றங்களுக்குச் சென்ற வாதங்கள் பெரும்பாலும் கோட்டைப் பற்றியனவே. 2008இல் செல்வி ஜெ. ஜெயலலிதா இந்திய உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். இந்திய ஆள்புலத்தை விட்டுக்கொடுப்பதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று பெருபாரி விவகாரத்தில் 1960இல் அந்நீதிமன்று கூறிய கருத்தே அதன் அடிப்படை. 2011இல் தமிழ்நாடு அரசும் வழக்கில் இணைய முடிவுசெய்தது. 2013இல் திரு. மு. கருணாநிதியும் மனுச் செய்தார். ஒருபோதும் வரையறுக்கப்படாத எல்லையை வரையறுத்தமை நிலத்தை விட்டுக்கொடுத்தமை ஆகாது என்பது மத்திய அரசின் மறுமொழி. தீவை மீட்பதானால் போருக்கே செல்லவேண்டும் என 2014இல் அந்நாட்டுச் சட்டமா அதிபர் நீதிமன்றிற் கூறினார். 2024 இந்தியப் பொதுத் தேர்தலிலும் கச்சதீவு மேடைப்பொருளாயிற்று. 285 ஏக்கர் கொண்ட, குடிநீருமற்ற ஒரு தீவின் உரித்தை மாற்றினாலும் எல்லை சில மைல் நகரும். நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் அண்மையில் நடைபெறும் இழுவைத்தொழிலுக்கு அது எவ்வகையிலும் விடையாகாது.

தொழிற்கருவியை அளவுகோலாகக் கொண்ட தீர்ப்புகள் வேறிடங்களில் உண்டு. கேரளத்தின் ஆள்புலக் கடலில் பைவலை, வளையவலை, நடுநீர் இழுவைவலை முதலியவற்றுக்கு அம்மாநில அரசு 1984இல் விதித்த தடையை 1993இல் இந்திய உச்ச நீதிமன்று ஏற்றது. தொழில் செய்யும் சுதந்திரம் என்ற பெயரால் பெரும்பான்மையான மரபுவழித் தொழிலாளரின் வாழ்வை அழிக்கவியலாது என்பதே அதன் சாரம். இந்தோனேசியா 1980இல் இழுவைமடியைத் தடைசெய்தது. எரித்திரியா, யேமன் ஆகிய நாடுகளுக்கிடையே செங்கடலில் எழுந்த பிணக்கில் 1998இலும் 1999இலும் நடுவர்மன்று வழங்கிய தீர்ப்புகள் எமக்கு இன்னும் நெருக்கமானவை. எல்லை எங்கு சென்றாலும் இருகரைச் சிறு தொழிலாளரின் மரபுரிமை தொடரும் என்று மன்று கூறியது. சிறு படகில் இயந்திரம் பொருத்துவதால் அவ்வுரிமை அற்றுப்போகாது. பெருந்தொழில் முறையிலான மீன்பிடிக்கோ அவ்வுரிமை இல்லை என்றும் விளக்கியது. 2016இல் தென்சீனக் கடற் பிணக்கின் நடுவர்மன்றும் மரபுவழிச் சிறுதொழிலுக்கே அத்தகைய பாதுகாப்பை ஏற்றது.

இவ்வளவுகோலைப் பாக்குநீரிணைக்குப் பொருத்திப் பார்ப்போம். ‘எமது பாட்டன் முப்பாட்டன் மீன்பிடித்த கடல்’ என்று இராமேசுவரத்தில் எழும் குரலில் உண்மையுண்டு. பாய்விரித்த வள்ளத்தில் வந்த பாட்டனின் உரிமை அது. அவ்வுரிமைக்கு வாரிசாக வரத்தக்கவர் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் நாட்டுப்படகிற் செல்லும் தொழிலாளரேயன்றி, இழுவைப்படகுக்கு முதலிட்டவர் அல்லர். மரபு என்ற சொல்லை மூலதனம் தனதாக்கிக்கொள்ளும்போது மரபுவழித் தொழிலாளர் இருகரையிலும் தோற்கின்றனர்.

7

தொழிலாளர் அமைப்புகள் இவ்வுண்மையை அரசுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தன. 2010 ஓகத்தில் தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் இலங்கைக்கு வந்து வடபகுதிச் சங்கங்களுடன் பேசினர். இழுவைமடியை ஓராண்டுள் கைவிடுவது, அவ்விடைக்காலத்தில் 70 நாட்கள் மட்டும், கரையிலிருந்து குறித்த தூரத்துக்கு அப்பால் தொழில் செய்வது என்று இணக்கங் கண்டனர். வலையறுந்து நொந்திருந்தவர்கள் எதிர்த்தரப்பின் கடன் சுமையை விளங்கிக்கொண்டு கால அவகாசம் வழங்கிய அவ்விணக்கம் எமது அண்மைக்கால வரலாற்றின் அரிய ஆவணங்களுள் ஒன்று. அரசுகள் அதற்குச் சட்டவலு அளிக்கவில்லை. 2015 மார்ச்சில் சென்னையில் நடந்த பேச்சில் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 83 நாட்கள் எனக் கேட்கப்பட்டபோது, ஒருமுறை ஏமாந்த வடபகுதிப் பிரதிநிதிகள் இணங்கவில்லை. 2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுச் செயற்குழுவொன்றை அமைத்து, இழுவைமடியை முடிவுக்குக் கொண்டுவருவதைப் பொது இலக்காக ஏற்றன. 2017இல் இந்திய அரசு 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. குறித்த மூன்றாண்டுள் இலக்கின் மிகச் சிறு பகுதியே நிறைவேறியது.

இலங்கையில், நாடாளுமன்ற உறுப்பினர் திரு. எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தின் பயனாக 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச்சட்டம் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. 2018இல் வெளிநாட்டுக் கலங்களுக்குரிய தண்டம் படகின் நீளத்துக்கேற்ப மிக உயர்த்தப்பட்டது. சட்டம் வந்தபின்னும் அதை நடைமுறைப்படுத்துமாறு தொழிலாளர் போராடவேண்டியதாயிற்று. 2021 ஒக்ரோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுகளில் நடைபெற்ற கடற்பேரணியின் கோரிக்கை புதிய சட்டமன்று. இருக்கும் சட்டத்தின் அமுலாக்கமே.

இவ்விடத்தில் எமது கரையைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டவரையும் பிறரையும் வேறுபடுத்தவில்லை. குருநகர் முதலிய இடங்களில் உள்ளூர் இழுவைப்படகுகளும் உண்டு. அவை அளவிற் சிறியன. அவற்றை நம்பி வாழும் குடும்பங்களும் வறியன. எனினும் அயலவர் செய்யின் குற்றம், எம்மவர் செய்யின் தொழில் என்று கொள்ளும் சட்டம் எவர் மனத்திலும் மதிப்புப் பெறாது. தடையோடு மாற்றுவலைக்கும் கடன்தீர்ப்புக்கும் உதவி வழங்காமையே உள்ளூர் மீறலின் முதற்காரணம். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை, வெடி ஆகியவற்றின் பாவனைக்கும் இதே நோக்கு வேண்டும்.

8

நியாயம் என்பது நாடுகளுக்கிடையில் மட்டும் எழும் வினாவன்று. எல்லை தாண்டிக் கைதாவோரிற் பெரும்பாலானோர் படகின் உடைமையாளர் அல்லர். கூலிக்குச் செல்லும் தொழிலாளர். சிறையில் இருப்பவர் அவர். கரையில் இருப்பவர் முதலாளி. படகுப் பறிமுதல் உடைமையாளரைத் தாக்குகின்றது என்ற அளவில் அது சிறைத்தண்டனையிலும் நியாயமானது. கடற்சட்டம் பற்றிய 1982ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 73ஆம் உறுப்புரை, பொருளாதார வலயத்தில் மீன்பிடி விதிகளை மீறியோருக்கு, நாடுகளிடையே வேறு உடன்பாடில்லாவிடத்து, சிறைத்தண்டனை விதிக்கலாகாது என்கின்றது. பாக்குவிரிகுடா பொருளாதார வலயமன்று. இலங்கை அதனை உள்நாட்டு நீர்ப்பரப்பாகக் கொள்வதால் அவ்வுறுப்புரை நேரடியாகப் பொருந்தாது. எனினும் உழைப்பாளரை அடைத்துவைப்பதால் வளம் காக்கப்படாது என்ற அதன் உட்கருத்து இங்கும் ஏற்புடையதே.

எமது கரையின் உள்ளேயும் இதே வினா எழுகின்றது. கொக்கிளாய், நாயாறு போன்ற இடங்களில் 1984ஐ அடுத்து இடம்பெயர்ந்தோர் போரின்பின் திரும்பியபோது, தமது பாடுகளில் வேறுபகுதித் தொழிலாளர் உத்தரவுப்பத்திரத்துடன் நிலைபெற்றிருந்தனர். வழமையினால் வந்த உரிமைக்கும் பத்திரத்தினால் வந்த உரிமைக்கும் இடையே சட்டம் பின்னதையே எளிதில் ஏற்றது. அண்மையில் தீவகத்திலும் கிளிநொச்சிக் கரையிலும் பரவிய கடலட்டைப் பண்ணைகளும் ஆழமற்ற பொதுக்கடலை வேலியடைக்கும் போக்கைக் காட்டுகின்றன. சிறகுவலை கட்டியும் கரையோரம் நடந்தும் பிழைப்போரின் வழி அவ்வேலிகளால் மறிக்கப்படுகின்றது. 2022இல் கிராஞ்சி மக்கள் நடத்திய போராட்டம் இதனை வெளிப்படுத்தியது. சங்குநிலத்தைக் குத்தகைக்கு விட்ட காலத்தின் சிந்தனை ஏற்றுமதி வருவாய் என்னும் புதிய பெயரோடு திரும்பி வருவதை வரலாற்று மாணவர் கவனிக்கத் தவறலாகாது.

9

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, பாக்குநீரிணையின் சட்டங்கள் உடைமையையும் வருவாயையும் காக்கும் நோக்கிற் பிறந்தவை; உழைப்பைக் காக்கும் நோக்கு அவற்றுள் மிகப் பிந்தியே நுழைந்தது. இரண்டாவது, விதிக்குப் பணிதல் தண்டத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. விதி எல்லோர்க்கும் ஒன்றாக இருத்தல், அதை ஆக்குவதில் தொழிலாளருக்குப் பங்கு இருத்தல், கைவிடச் சொல்லும் தொழிலுக்கு மாற்று வழங்குதல் ஆகிய மூன்றையும் அது வேண்டி நிற்கின்றது. மூன்றாவது, மரபுரிமையும் இழுவைமடியும் ஒன்றுக்கொன்று பகையானவை. இழுவைமடி ஒழிந்த கடலில் இருகரைச் சிறுபடகுகளும் நாட்களையும் இடங்களையும் பகிர்ந்து தொழில் செய்வது பற்றிப் பேசலாம். அது தொடரும்வரை பகிர்வுக்குரிய மீனே மிஞ்சாது.

தமிழர் என்ற உறவின் பெயரால் வடபகுதித் தொழிலாளரை மௌனமாக இருக்குமாறு கேட்போர் உளர். தேசத்தின் பெயரால் அக்கரைக் கூலித்தொழிலாளரைப் பகைவராகக் காட்டுவோரும் உளர். இருசாராரும் உடைமையாளரின் பெயரை உச்சரிப்பதில்லை என்பது கருதத்தக்கது. இருகரைச் சங்கங்களும் 2010இல் கண்ட இணக்கம் இவ்விரு நிலைப்பாடுகளையும் விட முதிர்ந்த அரசியலறிவைக் காட்டியது. அவ்விணக்கத்தை மீட்டெடுத்து, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களினதும் சமாசங்களினதும் பிரதிநிதிகளை விதியாக்கும் அவைகளில் அமர்த்தி, இருநாட்டுச் சட்டத்தாலும் அதற்கு வலுவூட்டுவதே இன்றைய தேவை. வழமைகளைத் தொகுத்தல், பாடுகளின் உரித்தைப் பதிவுசெய்தல், சட்டங்களைக் கரையோர மக்களின் மொழியில் விளக்குதல் ஆகிய பணிகள் எமது பல்கலைக்கழகத்தின் முன் உள்ளன. தேசவழமை தொகுக்கப்பட்டு மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. கடல்வழமை இன்னும் தொகுக்கப்படவில்லை. அதனை அறிந்த முதியோர் கரைகளில் வாழும்போதே அப்பணியைத் தொடங்குவது எமது கடன்.